ஸ்கோர் 7 என்றால் எத்தனைக்கு 7? தலைக்காயத்துக்குப் பிறகு நினைவை அளக்கும் முறைகள்

தலையில் அடிபட்டு ஐ.சி.யு.வில் இருக்கும் ஒருவரின் குடும்பம் வாசலில் நிற்கிறது. டியூட்டி டாக்டர் வெளியே வருகிறார். "ஜி.சி.எஸ். 7 இருக்கு, பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விடுகிறார். பத்துக்கு ஏழு என்றால் பரவாயில்லையே என்று தம்பி நினைத்துக்கொள்கிறார். நூற்றுக்கு ஏழோ என்று அம்மாவுக்கு வயிறு கலங்குகிறது. இரண்டும் இல்லை. 15-க்கு 7. அதுவும் பூஜ்யத்திலிருந்து எண்ணிய 7 அல்ல. இந்த அளவுகோலில் ஆகக் கீழே இருக்கும் எண் 3.

இந்த எண்ணை யார், எதைப் பார்த்துப் போடுகிறார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது நோயாளி வாங்கிய மார்க் இல்லை. படுக்கைக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் அந்த நிமிடத்தில் பார்த்ததைச் சுருக்கி எழுதிய குறிப்பு. அப்படி எடுத்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சொற்களால் வந்த சிக்கல்

1974-க்கு முன்னால் நினைவு தவறியவரின் நிலையை எழுத மருத்துவர்களிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. அரை மயக்கம், ஆழ்ந்த மயக்கம், மந்தம், கோமா என்று ஆளுக்கொரு பட்டியல். இரவு டியூட்டி நர்ஸ் 'அரை மயக்கம்' என்று எழுதிவைத்துவிட்டுப் போவார். காலையில் வந்த டாக்டர் அதே நோயாளியைப் பார்த்து 'ஆழ்ந்த மயக்கம்' என்று எழுதுவார். இரவோடு இரவாக நோயாளி மோசமாகிவிட்டாரா, அல்லது எழுதிய கை மட்டும்தான் மாறியதா? தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மற்ற நோய்களில் இது வெறும் எழுத்துச் சிக்கல். தலைக்காயத்தில் அப்படியில்லை. மண்டையோடு விரிந்துகொடுக்காத ஒரு பெட்டி. உள்ளே ரத்தம் கசிந்து தேங்கினாலோ மூளை வீங்கினாலோ அழுத்தம் ஏறும், மூளை நசுங்கத் தொடங்கும். வெளியே தெரிகிற முதல் அறிகுறி பெரும்பாலும் நினைவு மங்குவதுதான். அந்த மாற்றத்தைத் தவறவிட்டால் அறுவை சிகிச்சைக்கான நேரமும் கைநழுவிப்போகும்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்த நரம்பியல் அறுவை மருத்துவர்கள் கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் இருவரும் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து, 1974-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். நிலைக்குப் பெயர் வைக்காதே, அவர் என்ன செய்கிறார் என்பதை மட்டும் எழுது. இவ்வளவுதான் அந்த யோசனை. கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, கைகாலை எப்படி அசைக்கிறார்: இந்த மூன்றையும் தனித்தனியாகக் குறித்தார்கள். அதுதான் கிளாஸ்கோ கோமா ஸ்கேல், சுருக்கமாக ஜி.சி.எஸ். ஸ்கேன் வேண்டாம், கருவி வேண்டாம். விபத்து நடந்த இடத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்துகூடப் பார்த்துவிடலாம். அரை நூற்றாண்டு தாண்டியும் உலகம் முழுக்க இது புழக்கத்தில் இருப்பதற்கு அந்த எளிமைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஏன் குறிப்பாக இந்த மூன்று? நினைவு என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று விழிப்பு. மூளைத்தண்டில் இருக்கும் ஒரு நரம்பு வலைப்பின்னல் மூளையை விழிக்கவைத்துக்கொண்டே இருக்கிறது. இன்னொன்று உணர்வு. நான் யார், எங்கே இருக்கிறேன், எதிரில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்பதெல்லாம் அதில் சேரும். அதற்கு மேல்மூளை வேலை செய்ய வேண்டும். கண் திறப்பது முக்கியமாக விழிப்பைக் காட்டும். பேச்சு உணர்வைக் காட்டும். அசைவு, மூளையிலிருந்து கைக்கு வரும் பாதை எந்த மட்டம்வரை உருப்படியாக இருக்கிறது என்பதைக் காட்டும். நினைவை நேரடியாக அளக்கும் கருவி எதுவும் நம்மிடம் இல்லை. அதன் நிழலைத்தான் அளக்கிறோம்.

கண்ணும் பேச்சும்

கண்ணுக்கு 4 படிகள். பக்கத்தில் போகும்போதே கண் திறந்திருந்தால், அல்லது யாரும் எதுவும் செய்யாமல் தானாகத் திறந்தால் 4. கூப்பிட்டால் திறந்தால் 3. விரல் நுனியில் அழுத்தினால்தான் திறக்கிறார் என்றால் 2. எதற்கும் திறக்கவில்லை என்றால் 1.

இதில் வரிசை முக்கியம். முதலில் சும்மா பார்க்க வேண்டும். அப்புறம் பேச வேண்டும், தேவைப்பட்டால் சத்தமாக. அதற்கும் பலன் இல்லை என்றால்தான் அழுத்த வேண்டும். அழுத்துவது என்றால் நகத்தின் மேல் ஒரு பேனாவை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் கூட்டி, அதிகபட்சம் 10 விநாடி. பழைய படிவங்களில் இந்த இடத்தில் 'வலி' என்று இருக்கும். 2014-இல் அளவுகோலைப் புதுப்பித்தபோது அதை 'அழுத்தம்' என்று மாற்றினார்கள். நோயாளிக்கு வலிக்கிறதா என்பது நமக்குத் தெரியாது; நாம் அழுத்துகிறோம் என்பதுதான் தெரியும். சின்ன மாற்றம்தான், ஆனால் நேர்மையான மாற்றம். நெஞ்செலும்பை முஷ்டியால் தேய்க்கும் பழைய வழக்கத்தையும் இப்போது பரிந்துரைப்பதில்லை.

கண்ணைத் திறந்துவிட்டார் என்றதும் குடும்பத்துக்குப் போன உயிர் திரும்பி வரும். அது நியாயமான சந்தோஷம்தான். ஆனால் கண் திறப்பது விழிப்புக்கு அடையாளம், உணர்வுக்கு அல்ல. கண்ணைத் திறந்து மூடி, தூங்கி விழித்து, எதையும் அறியாத நிலையிலேயே இருப்பவர்களும் உண்டு. அதைப் பற்றிப் பின்னால் பேசலாம்.

பேச்சுக்கு 5 படிகள். பெயர், இருக்கும் இடம், இப்போது எந்த மாதம், இந்த மூன்றையும் சரியாகச் சொன்னால் 5. வாக்கியமாகப் பேசுகிறார், ஆனால் பதில் தப்பு என்றால் 4. "இது எந்த மாசம்?" என்று கேட்டால், "நேரமாச்சு, வண்டியை எடு, நான் கிளம்பணும்" என்கிறார். பேச்சில் தடங்கல் இல்லை, இலக்கணம் சரி, சூழ்நிலைதான் தெரியவில்லை. அது 4. புரிகிற சொல் ஒன்றிரண்டு மட்டும் வருகிறது, பெரும்பாலும் ஒரு வசவோ யாராவது ஒருவர் பெயரோ என்றால் 3. முனகல் மட்டும் என்றால் 2. சத்தமே இல்லை என்றால் 1.

4-க்கும் 5-க்கும் நடுவில்தான் ஏமாந்துபோக வாய்ப்பு அதிகம். பேசிக்கொண்டே இருக்கும் நோயாளி நன்றாக இருக்கிறார் என்றுதான் யாருக்கும் தோன்றும். கேள்வி கேட்டு விடையைச் சரிபார்த்தால்தான் குழப்பம் தெரியவரும்.

அசைவு: அதிகம் சொல்வது இதுதான்

மூன்றில் எதை நம்புவது என்று கேட்டால் அசைவைத்தான் கைகாட்டுவேன். காயம் எவ்வளவு கடுமையானது என்பதை அதிகம் சொல்வது இந்தப் பகுதி. இதில் 6 படிகள்.

சொன்னதைச் செய்தால் 6. கேட்க எளிது, சோதிக்கும்போதுதான் வழுக்கும். "என் விரலைப் பிடிங்க" என்று சொல்லி அவர் உள்ளங்கையில் விரலை வைக்கிறோம். பிடித்துவிட்டார்! அவசரப்படக் கூடாது. பச்சைக் குழந்தையின் கையில் விரல் வைத்தால் அதுவும் பிடிக்கும். மூளையின் முன்பகுதி அடிபட்டவர்களிடம் அந்த அனிச்சைப் பிடி திரும்பி வரலாம். அதனால் அடுத்த கட்டளை கட்டாயம் வேண்டும்: "இப்ப விடுங்க." விட்டால்தான் 6. அல்லது நாக்கை நீட்டச் சொல்லலாம், கையைத் தூக்கச் சொல்லலாம். "கையைப் பிடிச்சான், டாக்டர்" என்று உறவினர் சொல்லும்போது மருத்துவர் உடனே தலையாட்டாமல் இருப்பதற்குக் காரணம் கல்நெஞ்சு இல்லை, இந்த அனிச்சைதான்.

சொல்லுக்கு அசையவில்லை என்றால் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள தசையைக் கிள்ளிப் பிடிப்பார்கள், அல்லது புருவ எலும்பின் உள்பக்கப் பள்ளத்தில் கட்டைவிரலால் அழுத்துவார்கள். அந்தப் பக்கம் முகத்தில் எலும்பு முறிவு இருந்தால் புருவத்தைத் தொடமாட்டார்கள். நோயாளியின் கை மேலே எழும்பி, காறை எலும்பைத் தாண்டி, அழுத்தும் கையைத் தட்டிவிட வந்தால் 5. எங்கே தொந்தரவு என்று மூளை இடம் கண்டுபிடித்திருக்கிறது. தொந்தரவிலிருந்து கையை வெடுக்கென்று மடக்கி இழுத்துக்கொள்கிறார், இடத்தைத் தேடி வரவில்லை என்றால் 4.

அடுத்த இரண்டும் பார்க்கவே சங்கடமானவை. கை மெதுவாக, விறைப்பாக மார்பின் குறுக்கே மடங்குகிறது, விரல்கள் கட்டைவிரலை உள்ளே வைத்து மூடிக்கொள்கின்றன, கால் நீள்கிறது. இது 3. முழங்கை மடங்காமல் நேராக விறைத்து, கை உள்நோக்கித் திருகிக்கொண்டால் 2. தெரியாதவர்கள் பார்த்தால் 'கைகாலை நீட்டிச் சோம்பல் முறிக்கிறார்' என்றுகூட நினைக்கலாம். உண்மையில் பாதிப்பு மூளைத்தண்டு வரை இறங்கியிருக்கிறது என்பதன் அடையாளம் அது. எந்த அசைவும் இல்லை என்றால் 1.

வலது கை ஒரு மாதிரியும் இடது கை ஒரு மாதிரியும் அசைந்தால் எது நன்றாக அசைகிறதோ அதைத்தான் ஸ்கோருக்கு எடுத்துக்கொள்வார்கள். கால்களைவிடக் கைகளை நம்புவதற்கும் காரணம் உண்டு. கால் அசைவு சில நேரம் தண்டுவடத்தின் அனிச்சை வேலையாகவே இருக்கும், மூளைக்கு அதில் பங்கே இருக்காது.

1974-இல் அசைவுக்கு 5 படிகள்தான் இருந்தன. வெடுக்கென்று இழுப்பதும் விறைப்பாக மடங்குவதும் ஒன்றல்ல என்று 1976-இல் இரண்டையும் பிரித்தார்கள். அப்படித்தான் 14 ஆக இருந்த உச்சம் 15 ஆனது.

கூட்டினால் தொலைந்துபோவது

4, 5, 6. கூட்டினால் 15. ஒவ்வொன்றிலும் குறைந்தது 1 என்பதால் அடிமட்டம் 3. ஒரு மேஜையை அளந்தாலும் 3 வரும். எனவே 3 என்றால் 'ஏதோ மூன்று இருக்கிறது' என்று ஆறுதல்பட எதுவும் இல்லை. அதே சமயம், மயக்க மருந்து கொடுக்கப்பட்டவருக்கும் 3 வரலாம் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டவும் கூடாது.

வழக்கமாக 13 முதல் 15 வரை லேசான மூளைக்காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 8-உம் அதற்குக் கீழும் கடுமையானது என்று பிரிப்பார்கள். 8 என்ற கோடு எங்கிருந்து வந்தது? கண் திறக்காமல், ஒரு சொல்லும் பேசாமல், சொன்னதைச் செய்யாமல் இருப்பதுதான் கோமா என்று வரையறுத்தார்கள். அப்படிப்பட்டவருக்கு அதிகபட்சம் எவ்வளவு கிடைக்கும்? கண் 1, முனகல் 2, கையைத் தட்டிவிடுவது 5. மொத்தம் 8. அந்த நிலையில் தொண்டையில் எச்சிலோ வாந்தியோ தேங்கினால் இருமித் துப்ப முடியாமல் போகலாம், அதனால் 8-க்கு வந்தால் மூச்சுக்குழாயில் ட்யூப் போடுவதைப் பற்றி யோசிப்பார்கள். இது கைவழக்கமான விதிதான், சட்டம் இல்லை. வலிப்பு வந்து ஓய்ந்தவர் சிறிது நேரம் 8-இல் இருந்துவிட்டுத் தானே எழுந்து உட்காரலாம்.

சரி, கூட்டலில் என்ன தப்பு? 4 கண் படி, 5 பேச்சுப் படி, 6 அசைவுப் படி. பெருக்கினால் 120 விதமான சேர்க்கைகள். அவை அத்தனையும் 3 முதல் 15 வரை உள்ள 13 எண்களுக்குள் அடைக்கப்படுகின்றன. ஒரே எண்ணுக்குப் பின்னால் வேறு வேறு மனிதர்கள் இருப்பார்கள். 2003-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விபத்து நோயாளிகளின் பதிவுகளை வைத்து இதைக் காட்டியது. மொத்தம் 4 வாங்கியவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அடிமட்டமான 3-க்கு மேலே உள்ள அந்த ஒன்று அசைவில் கிடைத்தவர்களிடம், அதாவது கைகால் விறைத்தவர்களிடம், இறக்கும் வாய்ப்பு 48 சதவீதம். பேச்சில் கிடைத்தவர்களிடம் 27 சதவீதம். கண்ணில் கிடைத்தவர்களிடம் 19 சதவீதம். எல்லோருக்கும் ஸ்கோர் 4 தான்!

டீஸ்டேலும் ஜென்னட்டும் முதலில் கூட்டச் சொல்லவே இல்லை. மூன்றையும் தனித்தனிக் கோடாக வரைந்து பார்க்கத்தான் அந்த அட்டவணையை வகுத்தார்கள். கூட்டல் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது, ஒரே எண் என்றால் போனில் சொல்ல வசதி. ஆகவே வார்டில் யாராவது "ஸ்கோர் 9" என்றால், "கண் எவ்வளவு, பேச்சு எவ்வளவு, கை அசைவு எவ்வளவு?" என்று தாராளமாகக் கேட்கலாம். நோயாளியின் தாளில் 'ஈ2 வி2 எம்5' என்பது மாதிரி எழுதியிருக்கும். ஈ கண், வி பேச்சு, எம் அசைவு. அப்புறம் இன்னொரு கேள்வி: "நேற்று எவ்வளவு இருந்தது?"

அந்த இரண்டாவது கேள்வி முதல் கேள்வியைவிட முக்கியம். தனியாக ஓர் எண் அதிகம் சொல்லாது, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் சொல்லும். மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் நடுவே ரத்தம் தேங்கும் ஒரு வகைக் காயத்தில், அடிபட்டவர் நினைவு தவறி, தெளிந்து, எழுந்து நன்றாகப் பேசிவிட்டு, சில மணி நேரத்தில் மறுபடி மங்கத் தொடங்குவதுண்டு. வந்தபோது 15. இரண்டு மணி நேரம் கழித்து 13. 13-ஐ மட்டும் பார்த்தவருக்கு அது 'லேசான காயம்'. 15-ஐயும் பார்த்தவர் உடனே சி.டி. ஸ்கேனுக்கு அனுப்புவார். பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் 'நைஸ்' அமைப்பின் வழிகாட்டுதலின்படி, அனுமதிக்கப்பட்ட நோயாளிக்கு ஸ்கோர் 15 வரும்வரை அரை மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். 15 வந்த பிறகும் விடுவதில்லை. முதல் 2 மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை, அடுத்த 4 மணி நேரம் மணிக்கு ஒருமுறை, அதற்கப்புறம் 2 மணிக்கு ஒருமுறை. தூங்கவிடாமல் எழுப்பி எழுப்பிப் பெயர் கேட்கிறார்களே என்று நோயாளிக்கு எரிச்சல் வரும். அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான்.

அளக்க முடியாத இடங்கள்

முகம் முழுக்க வீங்கி இமை ஒட்டிக்கொண்டிருக்கிறது. கண் திறக்கவில்லை என்று 1 போடலாமா? போடக் கூடாது. தொண்டையில் ட்யூப் இருப்பவர் பேசவில்லை என்று பேச்சுக்கு 1 போடலாமா? அதுவும் கூடாது. சோதிக்க முடியாததை 'சோதிக்க இயலவில்லை' என்றுதான் எழுத வேண்டும், அந்த இடம் காலியாக இருக்கும்போது கூட்டுத்தொகையும் போடக் கூடாது. நடைமுறையில் 1 போட்டுக் கூட்டிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள், சிலர் எண்ணுக்குப் பக்கத்தில் ட்யூபைக் குறிக்க 'டி' என்று சேர்க்கிறார்கள். 10டி என்றிருந்தால் பேச்சு கணக்கில் இல்லை என்று புரிந்துகொள்ளலாம். வெறும் எண்ணாக இருந்தால் புரிந்துகொள்ள வழியே இல்லை.

மது, தூக்க மருந்து, வலிப்பு, காது கேளாமை, பேச்சுத்திறனை மட்டும் தாக்கிய மூளைக்காயம், தண்டுவடக் காயத்தால் செயலிழந்த கைகள் எல்லாமே ஸ்கோரைக் கீழே இழுக்கும். நோயாளியின் மொழி தெரியாத மருத்துவரும்தான். சரியான பதிலைத் தன் மொழியில் சொன்ன நோயாளிக்கு, கேட்டவருக்குப் புரியவில்லை என்பதால் ஒரு மார்க் குறைந்தால் தப்பு யாருடையது? மொழி தெரிந்த உறவினர் பக்கத்தில் இருப்பது இந்த இடத்தில் பெரிய உதவி.

கைக்குழந்தையிடம் மாதம் என்ன என்று கேட்க முடியாது. அதனால் குழந்தைகளுக்கான வடிவத்தில் பேச்சுப் பகுதியை மாற்றியிருக்கிறார்கள். மழலை பேசினால் 5, சிணுங்கி அழுதால் 4, அழுத்தும்போது மட்டும் அழுதால் 3 என்கிற மாதிரி.

மேல்முனையிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. 15 என்றால் மூளை முழுசாக இருக்கிறது என்று பொருளில்லை. பெயர், இடம், மாதம் மூன்றையும் சரியாகச் சொல்பவர், "எனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கிறார். சொல்கிறோம். ஐந்து நிமிடம் கழித்து அதே குரலில், "எனக்கு என்ன ஆச்சு?" புதிய ஞாபகம் எதுவும் உள்ளே பதியவில்லை. ஜி.சி.எஸ். அதைப் பிடிக்காது. அதற்கென்றே தனிக் கேள்வித்தாள்கள் உண்டு. 1979-இல் வந்த கால்வெஸ்டன் சோதனை அவற்றில் ஒன்று, உச்சம் 100, 75-க்கு மேல் வந்தால் இயல்பு. இந்த மறதிக் காலம் எவ்வளவு நாள் நீடிக்கிறது என்பது பின்னால் எவ்வளவு குணமாவார் என்பதைக் கணிக்க நன்றாக உதவுகிறது.

மற்ற அளவுகோல்கள்

விபத்து இடத்தில் அவசரத்துக்கு 'அவ்பு' என்ற நாலெழுத்து முறை போதும். விழிப்பாக இருக்கிறாரா, குரலுக்கு அசைகிறாரா, வலிக்கு அசைகிறாரா, எதற்கும் இல்லையா. பத்து விநாடி வேலை. நுணுக்கம் கிடையாது, அதை யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை.

ஜி.சி.எஸ்.-இல் இல்லாத ஒரு முக்கியமான சங்கதி கண்ணின் பாவை. டார்ச் அடித்தால் பாவை சுருங்க வேண்டும். ஒரு பக்கம் விரிந்து சுருங்காமல் நின்றால் மூளைத்தண்டு நசுங்குகிறதோ என்ற அபாய மணி. எப்போதும் இதைப் பக்கத்தில் தனியாகத்தான் எழுதிவந்தார்கள். 2018-இல் டீஸ்டேலின் குழுவே இதையும் கணக்கில் சேர்த்தது. சுருங்காத பாவை ஒவ்வொன்றுக்கும் 1 கழிக்க வேண்டும். ஸ்கோர் 3, இரண்டு பாவையும் சுருங்கவில்லை என்றால் 1. இப்படி அளவு 1-இலிருந்து 15 வரை ஆகிறது.

வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு என்று பார்த்தால், 2005-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் உருவான 'ஃபோர்' ஸ்கோர் எனக்கு அதிகம் பிடித்தது. கண், அசைவு, மூளைத்தண்டு அனிச்சைகள், மூச்சு என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 16. பேச்சு என்ற பகுதியே இல்லை, ஆகவே ட்யூப் தடை இல்லை. கட்டளைக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டச் சொல்வார்கள், முஷ்டி மடக்கச் சொல்வார்கள், இரண்டு விரலை வி போலக் காட்டச் சொல்வார்கள். கண்ணில் முழு மார்க் வாங்கக் கண் திறந்தால் மட்டும் போதாது, விரலைப் பின்தொடர வேண்டும் அல்லது சொன்னால் இமைக்க வேண்டும். உடல் முழுக்கச் செயலிழந்து, உணர்வு மட்டும் தெளிவாக இருந்து, கண்ணை மேலும் கீழும் மட்டும் அசைக்க முடிகிற சிலர் இருக்கிறார்கள். ஜி.சி.எஸ்.-இல் அவர்கள் கோமாவுக்குப் பக்கத்தில் விழுவார்கள். ஃபோர் அவர்களைக் கண்டுபிடித்துவிடும்.

2025-இல் 'லான்செட் நியூராலஜி' இதழில் இன்னொரு யோசனை வந்தது. மூளைக்காயத்தை லேசு, நடுத்தரம், கடுமை என்று ஒரே எண்ணை வைத்துப் பிரிக்காமல், ஜி.சி.எஸ்.-ஓடு பாவை, ரத்தத்தில் தெரியும் மூளைக்காயப் புரதங்கள், ஸ்கேன் படம், நோயாளியின் பின்னணி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறது அது. 13 வாங்கி 'லேசானது' என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டு, மாதக்கணக்கில் தலைவலியோடும் மறதியோடும் போராடுகிறவர்களை நினைத்தால் இது எப்போதோ வந்திருக்க வேண்டியது.

வாரங்கள் கடந்த பிறகு

ஜி.சி.எஸ். முதல் சில நாட்களுக்கான கருவி. மூன்று வாரம் ஆயிற்று, கண்ணைத் திறக்கிறார், ட்யூப் இல்லாமல் மூச்சு விடுகிறார், ஆனால் எதற்கும் பதில் இல்லை என்ற நிலையில் அது திணறும். கண்ணுக்கு 4, மற்றதெல்லாம் அசையாமல் நிற்கும். ஆனால் கேள்வி இப்போது வேறு: உள்ளே ஆள் இருக்கிறாரா?

விழிப்பு உண்டு, உணர்வுக்கு அடையாளம் இல்லை என்ற நிலையை 1972-இல் ஜென்னட்டும் அமெரிக்க நரம்பியலாளர் ஃப்ரெட் பிளம்மும் விவரித்தார்கள். உணர்வு இருக்கிறது, ஆனால் மங்கலாக, விட்டுவிட்டு வருகிறது என்ற நிலைக்கு 2002-இல் வரையறை வந்தது. இரண்டுக்கும் நடுவே உள்ள கோட்டைக் கண்டுபிடிக்கத்தான் 2004-இல் திருத்தி வெளியிடப்பட்ட கோமா மீட்பு அளவுகோல். கேட்டல், பார்த்தல், அசைவு, வாய், தொடர்புகொள்ளல், விழிப்பு என்று ஆறு பகுதி, 0 முதல் 23 வரை. செய்து முடிக்க அரை மணி நேரம்கூட ஆகலாம். ஒருமுறை செய்து விட்டுவிட முடியாது; உணர்வு வந்து போவதால் இரண்டு வாரத்துக்குள் ஐந்து முறையாவது செய்வது நல்லது என்கிறார்கள்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சைக் குழு 'உணர்வில்லை' என்று ஒருமனதாக முடிவுசெய்திருந்த 44 பேரை இந்த அளவுகோலால் மறுபடி சோதித்தார்கள். 18 பேரிடம் உணர்வின் அடையாளம் இருந்தது. நூற்றுக்கு 41.

அந்தச் சோதனையின் ஒரு சின்னப் பகுதியைச் சொல்ல வேண்டும். கண் எதையாவது பின்தொடர்கிறதா என்று பார்க்க அதில் ஒரு கைக்கண்ணாடியைப் பயன்படுத்துகிறார்கள். முகத்துக்கு நேரே பிடித்து, மெதுவாக இடப்பக்கம், வலப்பக்கம், மேலே, கீழே நகர்த்துவார்கள். பேனாவைக் காட்டினால் கண் அசையாது. நர்ஸ் குறுக்கே நடந்தால் அசையாது. தன் முகம் நகர்ந்தால் அதன் பின்னாலேயே கண் போகும். அப்படிக் கண்ணாடியை மட்டும் பின்தொடர்ந்த நோயாளிகள் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறார்கள். வெறும் பேனாவோடு நிறுத்தியிருந்தால் அவர்கள் 'உணர்வில்லை' பட்டியலிலேயே இருந்திருப்பார்கள்.

கண்ணும் அசையவில்லை என்றால்? 2006-இல் நரம்பியல் ஆய்வாளர் ஏட்ரியன் ஓவனின் குழு, சாலை விபத்தில் அடிபட்டு ஐந்து மாதமாக எந்தப் பதிலும் இல்லாமல் இருந்த 23 வயதுப் பெண்ணை எம்.ஆர்.ஐ. ஸ்கேனரில் படுக்கவைத்தது. டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யுங்கள் என்றார்கள். அசைவைத் திட்டமிடும் மூளைப்பகுதி, ஆரோக்கியமானவர்களுக்கு எப்படி ஒளிருமோ அப்படியே ஒளிர்ந்தது. உங்கள் வீட்டு அறைகளுக்குள் நடப்பதாகக் கற்பனை செய்யுங்கள் என்றதும் வேறு பகுதிகள் ஒளிர்ந்தன. 2010-இல் இன்னொரு நோயாளி, 'ஆம்' என்றால் டென்னிஸ், 'இல்லை' என்றால் வீடு என்று நினைத்தே கேள்விகளுக்குப் பதில் சொன்னார்.

2024-இல் பல நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்று வெளியானது. எந்தக் கட்டளைக்கும் வெளியில் அசைவே காட்டாத 241 பேரை ஸ்கேனிலும் மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி.யிலும் சோதித்தார்கள். 60 பேரின் மூளை கட்டளைக்கு இணங்கி வேலை செய்தது, நான்கில் ஒருவர். கட்டிலருகே நின்று "கையைப் பிடிங்க, இப்ப விடுங்க" என்று சொன்னபோது இந்த 60 பேரின் கையும் அசையவில்லை. அவர்களுடைய தாளில் எம் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 6 ஒருநாளும் விழுந்திருக்காது.